முன்பெஞ்சு தொடங்காத மன்றாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு எல்லாம் அதில்தான் வந்து நின்றது.

பீடத்துக்கு வலப்புறம், முதல் பெஞ்சில், நடைபாதை ஓரமாகச் சலவை ஆலை முதலாளி. பக்கத்தில் அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால் இரண்டாம் பெஞ்சில், கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர். வார நாட்களில் அதே ஆலைக்கு மேலாளரும் அவர்தான். இடப்புறம் முதல் இரண்டு பெஞ்சும் பாடகர் குழுவுக்கு. தூண் ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியின் விசைக்குக் கை எட்டுகிற மாதிரி முக்காலி போட்டு, கோயிலின் சில்லறை வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை. ஏழாவது பெஞ்சிலிருந்து பின்னால் முழுக்க ஆலையில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும். அதில் ஒன்பதாவது பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா. கடைசிப் பெஞ்சில், நடுவில் எழுந்து போக வசதியாக, பாய்லர்க்காரர். அவருக்கு நற்கருணை நேரத்திலும் பாய்லர் நினைப்புதான். நாலாவது பெஞ்சில், முன்னாலும் சேராமல் பின்னாலும் சேராமல், வலது கையைக் கட்டுத் துணியில் கழுத்திலிருந்து தொங்கவிட்டபடி தங்கை. விபத்துக்குப் பிறகு அவள் கோயிலுக்கு வந்தது அன்றுதான். வாசக மேடைக்குக் கீழே தனி நாற்காலியில், மடியில் ஒரு தாளோடு, அவளுடைய அக்கா.

அக்காவை ஊரே டைப்பு அக்கா என்றுதான் கூப்பிடும். அரசு அலுவலக வாசலில் மேசை போட்டு, தட்டச்சு இயந்திரத்தில் மனு எழுதித் தருகிறவள். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. மனு எழுத வருகிறவர்கள் முதலில் அழுவார்கள். அழுது முடிக்கிறவரை காத்திருப்பாள். பிறகு கேட்பாள்: "சரி, யாருக்கு நடந்துச்சு? என்ன நடந்துச்சு? எந்தத் தேதி, எந்த எடம்? இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" இந்த நாலும் இல்லாத மனு குப்பைக்கூடைக்குப் போகும் என்பது அவள் அனுபவம். அலுவலக நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, பொதுவாகக் கேட்டால் பொதுவாகப் பதில் சொல்லித் தட்டிக் கழிக்க அவ்வளவு பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மேடையிலிருந்து வாசிக்கிற வேண்டுதலான மன்றாட்டையும் அவள்தான் தட்டச்சு செய்து கொடுப்பாள். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். "பெட்டியில் போட்ட மன்றாட்டு எதுவும் வாசிக்கப்படாமல் போகாது" என்று, எப்போதோ இருந்த ஒரு பங்குச்சாமி கைப்பட எழுதி மாட்டிய பலகை இன்னும் பெட்டிக்கு மேலே தொங்குகிறது. செயலாளர் பொறுப்பேற்ற பிறகு ஒரு சின்ன மாற்றம். சனிக்கிழமை மாலை தாள் அவர் கைக்குப் போகும். சிவப்புப் பேனா அதன்மேல் ஒரு நடை நடந்துவிட்டு வரும்.

போன மாதம் பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு, மூன்றாம் எண் நீராவிப் பிரஸ்ஸில் தங்கையின் கை சிக்கியது. அந்த இயந்திரத்தில் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். கை உள்ளே இருக்கும்போது சூட்டுத் தகடு கீழே இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொள்வதால் ஒரு விரிப்புக்கு நாலு விநாடி கூடுதலாகும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகள் மலைபோல வந்து குவிந்த வாரத்தில், நாலு விநாடியை மிச்சம் பிடிக்கக் கம்பியைக் கழற்றச் சொன்னார்கள். அறையில் பன்னிரண்டு பேர் இருக்கும்போதே கழற்றினார்கள். விபத்து அறிக்கையில் ஆலை எழுதிய காரணம்: "தொழிலாளியின் கவனக்குறைவு."

தொழில் பாதுகாப்பு அதிகாரிக்கு டைப்பு அக்கா மனு போட்டாள். பதில் வந்தது. நேரில் பார்த்தவர்கள் கையெழுத்திட்ட வாக்குமூலம் இந்தத் தேதிக்குள் வந்தால் விசாரணை. வராவிட்டால் கோப்பு மூடப்படும். கோப்பு மூடினால் கவனக்குறைவு என்பது நிலைத்துவிடும். அதற்கப்புறம் அந்தக் கைக்கு ஆலை பொறுப்பில்லை, தங்கைக்கு அங்கே வேலையும் இல்லை. வேறெந்த ஆலையும் 'கவனக்குறைவு' என்று முத்திரை குத்தப்பட்டவளை உள்ளே விடாது. கடைசி நாள் புதன்கிழமை.

பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் நடந்தாள். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "உனக்காக வேண்டிக்கிறோம்மா" என்றார்கள். பேனாவை நீட்டினால் மட்டும் கை பின்னால் போனது.

"சரி, வேண்டிக்குங்க. அதையாவது ஒழுங்கா செய்வோம்" என்று பெட்டியில் சீட்டுப் போட்டாள். முதல் வாரம், "தடுப்புக் கம்பி இல்லாத பிரஸ்ஸில் கை வெந்துபோன எங்கள் சகோதரிக்காக" என்று எழுதியது, சிவப்புப் பேனா தாண்டியதும் "நோயுற்றோர் அனைவருக்காகவும்" ஆனது. இரண்டாம் வாரம் "உழைக்கும் மக்கள் அனைவருக்காகவும்" ஆனது.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது தங்கை சிரித்தாள். சிரித்தால் கட்டுக்குள் கை இழுக்கும், இருந்தாலும் சிரித்தாள்.

"அக்கா, முதல் வாரம் நோயுற்றோர்ல என்னைத் தேடினேன், கூட்டத்துல காணல. ரெண்டாவது வாரம் உழைக்கும் மக்கள்ல தேடினேன், அங்கயும் இல்ல. அடுத்த வாரம் 'உலகத்துல உள்ள எல்லாருக்காகவும்'னு போட்டுட்டா ஒரேயடியாத் தொலைஞ்சிடுவேன்."

"உனக்குப் பரவாயில்லையா? ஊர் முன்னாடி உன் கையப் பத்திச் சொன்னா?"

தங்கை கட்டுத் துணியை இடது கையால் சரிசெய்துகொண்டாள். "மொதல்ல வேணாம்னுதான் இருந்துச்சு. இப்ப ஊரே, பாவம் கவனமில்லாத பொண்ணுன்னு என்னைப் பத்திப் பேசுது. பேசுறதே பேசுறாங்க, சரியாப் பேசட்டும். நானும் வர்றேன்."

மூன்றாம் வாரம் மன்றாட்டு வாசிக்கும் முறை டைப்பு அக்காவுக்கு. சனிக்கிழமை மாலை பங்கு அலுவலகத்தில் ஆறு மன்றாட்டுகள் கொண்ட தாளை நீட்டினாள். ஃபாதர் மேசைக்குப் பின்னால் இருந்தார். செயலாளர் நின்றபடியே படித்து, ஐந்தாவதையும் ஆறாவதையும் குறுக்கே அடித்தார்.

"ஏம்மா, கடவுளுக்குத் தேதியும் மெஷின் நம்பரும் எதுக்கு? அவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும் சார். முன்பெஞ்சுக்குத்தான் தெரியல."

ஃபாதர் இருமினார். நல்ல மனிதர், ஆனால் பேச்சு முற்றினால் இருமல் வந்துவிடும். "மன்றாட்டுங்கிறது எல்லாரும் சேர்ந்து கேக்குறது இல்லையா? எல்லாரையும் உள்ளடக்கி இருந்தா நல்லதும்மா" என்றார்.

"எல்லாரும் சேர்ந்து கேக்கணும் ஃபாதர், சரிதான். யாருக்காகன்னு தெரியாமக் கேட்டா, சேர்ந்து கேட்டது ஆகுமா? சேர்ந்து வாயசைச்சது ஆகும்."

ஃபாதர் மறுபடி இருமவில்லை. அடித்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் பேனாவை மூடினார். "நாலோட நிறுத்துங்க. அவ்வளவுதான்."

இந்தக் கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்ல ஒரு முறை உண்டு. வாசிக்கிறவர் "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிப்பார். உடனே முதல் பெஞ்சிலிருந்து முதலாளியின் கனத்த குரல் "எங்கள்" என்று எடுத்துக் கொடுக்கும். "மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கப் பின்னால் வரும். யாரும் போட்ட சட்டமல்ல, அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். ஒருமுறை அவருக்குத் தொண்டை கட்டியிருந்தபோது, எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் இருநூறு பேரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசித்தவர் திணறிப்போய் அடுத்ததற்குத் தாவினார்.

ஞாயிற்றுக்கிழமை, விசுவாசப் பிரமாணம் முடிந்ததும், டைப்பு அக்கா மேடை ஏறினாள். திருச்சபைக்காக ஒன்று, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஒன்று, நோயுற்றோருக்காக ஒன்று, இறந்தோருக்காக ஒன்று. நாலுக்கும் முன்பெஞ்சு எடுத்துக் கொடுத்தது, பின்னால் கோயில் வந்தது. நாலாவதோடு தாளை மடித்தாள். செயலாளர் மூச்சு விட்டார். ஃபாதர் முடிவு மன்றாட்டுக்காகக் கைகளை விரித்தார்.

டைப்பு அக்கா இறங்கவில்லை. அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், தாளில்லாமல் சொன்னாள்:

"சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு, இந்த ஊர் சலவை ஆலையில், தடுப்புக் கம்பி கழற்றப்பட்ட மூன்றாம் எண் பிரஸ்ஸில் வலது கை வெந்துபோய், இதோ நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்கள் சகோதரிக்காக: அவள் விரல்கள் மறுபடி மடங்கவும், அவள்மேல் சுமத்திய பொய்ப்பழி நீங்கவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

முதலாளி அந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது கடைசி மூன்று சொல். முப்பது வருஷப் பழக்கம் அவரைக் கேட்டுக்கொண்டா வாய் திறக்கும்?

"எங்கள்..." என்றார், கணீரென்று.

"மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது கோயில்.

சொல்லி முடித்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முதலாளியின் மனைவி முழங்கையால் இடித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி நாலாவது பெஞ்சைப் பார்த்தார். தங்கை மரியாதையாகத் தலையை ஆட்டினாள், நன்றி என்பதுபோல.

செயலாளர் தூண் பக்கம் கையைக் காட்டினார். கோயில்பிள்ளை விசையைத் தட்டினார். ஒலிபெருக்கி செத்தது.

அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பஸ்ஸும் லாரியும் இரைகிற வாசலில், காது மந்தமான மனுதாரர்களுக்கு எழுதியதைப் படித்துக் காட்டியே உரமேறிய தொண்டை அது. ஆறாவதைச் சொன்னாள்:

"அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னவருக்காகவும், கழற்றியதைப் பார்த்த பன்னிரண்டு பேருக்காகவும்: வருகிற புதன்கிழமைக்குள் அவர்கள் உண்மையைச் சொல்லத் துணியவும், ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

இந்த முறை முதலாளியின் வாய் இறுக மூடியிருந்தது.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. செயலாளர் ஃபாதரைப் பார்த்தார், முடித்துவிடுங்கள் என்று புருவத்தால் சொன்னார். ஃபாதரின் கைகள் விரித்தபடியே நின்றன. அவர் இருமவும் இல்லை, முடிவு மன்றாட்டைத் தொடங்கவும் இல்லை. விரித்த கைகளோடு ஒருவர் அவ்வளவு நேரம் நிற்பது சுலபமல்ல, தோள் வலிக்கும்.

டைப்பு அக்கா அடுத்ததற்குத் தாவவில்லை. தாவ அடுத்தது இல்லை. இன்னொரு முறை, மெதுவாக, கடைசி வரியை மட்டும் சொன்னாள்.

"ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள்" என்றது ஒரு குரல்.

ஒன்பதாவது பெஞ்சில் இஸ்திரிக்காரம்மா எழுந்து நின்றிருந்தாள். கீச்சுக் குரல். நீராவி இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி அப்படி ஆனது. எடுத்துக் கொடுக்கிற குரலே இல்லை. அதனால்தானோ என்னவோ, பின்னால் யாரும் சேரவில்லை. அவளே தனியாக முழுவதையும் சொன்னாள்: "மன்றாட்டைக் கேட்டருளும்."

பிறகு பின்னால் பார்த்து, வேலை நேரத்தில் விரிப்பு தள்ளுகிறவர்களை விரட்டுகிற அதே தொனியில், "என்ன, எல்லாருக்கும் நாக்கு பிரஸ்ல சிக்கிக்கிச்சா?" என்றாள்.

யாரோ சிரித்துவிட்டார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து பாய்லர்க்காரர் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். எட்டாவதில் இரண்டு பேர். பத்தாவதில் ஒரு குடும்பம் முழுக்க. ஒரே நேரத்தில் அல்ல. ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் தொடங்கினார். அந்தக் கோயில் அதற்கு முன் அப்படிக் கோணல்மாணலாகப் பதில் சொன்னதே இல்லை. சொல்லாதவர்களும் இருந்தார்கள். பெஞ்சின் மர ரேகைகளை எண்ணுவதுபோலக் குனிந்திருந்தார்கள். டைப்பு அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. கடைசிக் குரல் அடங்கும்வரை நின்றுவிட்டு இறங்கினாள்.

ஃபாதர் கைகளை இறக்கி, தோளை ஒருமுறை அசைத்துக்கொண்டு, முடிவு மன்றாட்டைச் சொன்னார்.

பூசை முடிந்து முற்றத்தில் கூட்டம் கலையவில்லை. செயலாளர் நேராக வந்தார்.

"கோயில மனு ஆபீஸாக்கிட்டீங்க. வாசகர் பட்டியல்லேர்ந்து உங்க பேர எடுத்தாச்சு."

"பட்டியல டைப் பண்றதே நான்தான் சார். நீங்க சிரமப்படாதீங்க, நானே எடுத்துத் தர்றேன். மூணு நகல் போதுமா?"

முதலாளி அவரை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோபத்தைவிட முகத்தில் குழப்பம்தான் அதிகம். "இதையெல்லாம் அந்த அதிகாரிக்கு எழுதப்போறீங்களா? நான் பதில் சொன்னதையும்?"

"சொன்னதைச் சொன்னதாத்தான் எழுதுவேன் ஐயா. ஒரு சொல் கூட்ட மாட்டேன்."

"அது நான் யோசிச்சுச் சொன்னதில்ல. பழக்கத்துல வந்துடுச்சு."

தங்கை அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தாள். "நானும் பழக்கத்துலதாங்க ஐயா கைய வெச்சேன். ஆறு வருஷமா அங்க கம்பி இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் இல்ல. அதைத்தான் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க."

முதலாளியின் மனைவி அவர் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துப்போனாள்.

மதியம் டைப்பு அக்கா சாப்பிட்ட கை காய்வதற்குள் இஸ்திரிக்காரம்மா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கையெழுத்து எங்கம்மா போடணும்?"

"படிச்சுட்டுப் போடுங்க."

"கோயில்லயே கேட்டாச்சு. இருநூறு பேர் முன்னாடி வாயத் தொறந்தாச்சு, இனிமே கைய மூடி வெச்சு யாருக்கு என்ன லாபம்? திங்கக்கெழம வேலைய விட்டு அனுப்பினா அனுப்பட்டும். உன் மேசைக்குப் பக்கத்துல நானும் ஒரு மேசை போட்டு உன் மனுவுக்கெல்லாம் இஸ்திரி போடுறேன்."

மாலை நாலு மணிக்குள் அவளையும் சேர்த்து ஆறு பேர் வந்தார்கள். ஐந்து பேர் வரவேயில்லை. ஏழாவதாக, எல்லோரும் போன பிறகு, பாய்லர்க்காரர் வந்து வாசலிலேயே நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்குத் துணி ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு போல்ட்டுகள்.

"கழட்டச் சொன்னது மேனேஜர். கழட்டினது நான்" என்றார். தங்கையைப் பார்க்க முடியாமல் போல்ட்டையே பார்த்தார். "என் ஸ்பானர்தான். எங்கயாவது போட்டுடலாம்னு பாத்தேன், மனசு வரல. ஒரு மாசமா பையில கெடக்கு. பூசையில மண்டி போட்டா தொடையில குத்துது."

தங்கை இடது கையை நீட்டி ஒரு போல்ட்டை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இத்தனூண்டுதானா?" என்றாள். பிறகு, "உக்காருங்கண்ணே" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

டைப்பு அக்கா தாளைச் செருகினாள். பாய்லர்க்காரர் சொல்லச் சொல்ல அடித்தாள். யாருக்கு, என்ன, எப்போது, எங்கே. மேலாளராகச் செயலாளர் சொன்ன வார்த்தையை அப்படியே கேட்டு வாங்கினாள்: "நாலு செகண்டுதான், கழட்டி வை." அதற்கு மேற்கோள் குறி போட்டாள். அழுகைக்கு இடம் வைக்கவில்லை. கடைசியாகத் தங்கையும் கையெழுத்திட்டாள், இடது கையால். எழுத்து படிக்கட்டில் தடுமாறி இறங்குகிறவன் மாதிரி இருந்தது. அக்கா அதன் கீழே, "வலது கையால் எழுத இயலாததால் இடது கையால்" என்று அடித்தாள்.

திங்கட்கிழமை காலை அஞ்சல் நிலையம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். வாக்குமூலங்கள் எட்டு. பதினாலாம் தேதி காலை பிரஸ் அறையில் யார் யார் எந்த இயந்திரத்தருகே நின்றார்கள் என்பதற்கு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எந்த மன்றாட்டுக்கு யார் முதலில் பதில் சொன்னார்கள் என்பதற்கு இன்னொரு பக்கம். வலப்புறம் முதல் பெஞ்சிலிருந்து தொடங்கி. துணியில் சுற்றிய போல்ட் ஒன்று. இன்னொன்று வீட்டில், மேசை இழுப்பறையில். எதையும் நகல் வைத்துக்கொள்ளாமல் அனுப்புகிறவள் அல்ல அவள்.

உறையின் மடிப்பில் பசை தடவி, விளிம்பு முழுக்க விரலால் அழுத்தினாள். போல்ட் ஒரு மூலையில் புடைத்துக்கொண்டு நின்றது. தட்டச்சு விசையை அழுத்துவதுபோல அதன்மேலும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், அமுங்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் உறையைக் கையில் தூக்கி எடை பார்த்தார். "உள்ள என்னம்மா, இவ்வளவு கனம்?"

"மன்றாட்டு" என்றாள் டைப்பு அக்கா. "பதிவுத் தபால் போடுங்க. ஒப்புகைச் சீட்டும் வேணும்."

அவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் முத்திரை குத்தி, பின்னால் திறந்திருந்த சாக்குப் பையில் உறையைப் போட்டார். டங்கென்று விழுந்தது.